கனலில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து: வாசகர் கேள்விகள், கப்பல் சமையல்காரர் பதில்கள்

(பதில் சொல்பவர் தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பல்களில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியதரைக் கடல் பாணியில் வீட்டில் சுட்டுச் சாப்பிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறார்.)

ஐயா, ‘மெடிட்டரேனியன் கிரில்’ என்று எங்கள் ஊரில்கூடக் கடை வந்துவிட்டது. தந்தூரிக்கும் அதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– வாசகர், சேலம்

அந்தக் கடலைச் சுற்றி 20-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பைரியஸில் கிரேக்கர்கள் குச்சியில் குத்திச் சுடும் சூவ்லாகிக் கறி ஒரு ருசி, மெர்சினில் துருக்கியர்கள் சுடும் கபாப் இன்னொரு ருசி. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸில் இறங்கினால் ஹரிசா என்ற மிளகாய் விழுது இல்லாமல் தட்டே வராது. அந்த ஹரிசாவை யுனெஸ்கோ 2022-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே எல்லாம் ஒரே சமையல் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. சுடுவதற்கு முன் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். சுட்டு இறக்கிய பிறகு தாராளமாகச் சேர்ப்பார்கள். நாம் தந்தூரிக்கு இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், கரம் மசாலா எல்லாவற்றையும் கனமாகப் பூசுகிறோம். தீயில் முதலில் வேகுவது அந்த மசாலாதான், அதன் ருசிதான் நாக்கில் நிற்கும். சூவ்லாகியில் உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, உலர்ந்த ஓரிகானோ இலை, அவ்வளவுதான். கறியும் புகையும்தான் ருசி. தீயிலிருந்து இறக்கியதும் மறுபடி எலுமிச்சை பிழிகிறார்கள், பச்சை எண்ணெய் ஊற்றுகிறார்கள், இலை தூவுகிறார்கள். எண்ணெயும் சாறும் தீயைப் பார்க்காததால் மணம் அப்படியே இருக்கும். தந்தூரி எனக்கும் பிடிக்கும். ஆனால் இதைச் செய்ய உட்கார்ந்துவிட்டால், கை கரம் மசாலா டப்பாவுக்குப் போகக் கூடாது.

எந்தக் கரி வாங்குவது? எவ்வளவு நேரம் எரிய விடுவது? எங்களுக்கு வெளியே கருகி உள்ளே பச்சையாக வருகிறது.
– வாசகர், நாகர்கோவில்

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மசாலாவில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கனல் சரியில்லை என்றால் ஒன்றும் நடக்காது.

இஸ்திரி போடுகிறவர்கள் கரி வாங்குகிற கடைக்குப் போங்கள். நம் ஊரில் கிடைக்கும் மரக்கரியில் பெரும்பகுதி சீமைக் கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. நல்ல சூடு, நின்று எரியும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மொத்தென்று சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது, அல்லது சரியாக வேகாத கரி, அது புகையும். கொட்டாங்குச்சிக் கரியும் நல்லதுதான். சீக்கிரம் பற்றும், சூடும் அதிகம், ஆனால் சீக்கிரமே தணியும். நான் இரண்டையும் கலந்து போடுவேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்காதீர்கள். அந்த வாடை கறியில் ஏறிவிட்டால் எலுமிச்சைக்கும் போகாது. தேங்காய் நார் கொஞ்சம் வைத்துப் பற்ற வைத்தால் போதும்.

கரி முழுவதும் சிவந்து, மேலே சாம்பல் மெல்லிசாகப் படிகிற வரை ஒன்றையும் வைக்காதீர்கள். சாதாரணமாக 25 முதல் 30 நிமிடம் ஆகும். பெரும்பாலான வீடுகளில் இந்த அரை மணி நேரத்துக்குப் பொறுமை இல்லை. தீ நாக்கு மேலே வரும்போதே கோழியை வைத்துவிடுகிறார்கள், உங்களுக்கு நடப்பதும் அதுதான்.

கனல் ஆனதும் கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். பாதி இடம் கனலோடு, பாதி இடம் காலியாக. கனலுக்கு மேல் நிறம் பிடிக்க வைக்க வேண்டும். நிறம் வந்ததும் காலிப் பக்கம் நகர்த்தி மூடி போட்டு உள்ளே வேக விட வேண்டும். சூடு பார்க்க, கம்பிவலைக்கு நாலு விரற்கடை மேலே உள்ளங்கையைப் பிடியுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் பலமான சூடு: மீன், மெல்லிய துண்டுகளுக்கு ஆகும். ஐந்தாறு வரை தாங்கினால் நடுத்தரம்: கோழிக்கு அதுதான் வேண்டும்.

தனியாக கிரில் அடுப்பு வாங்க வேண்டுமா?
– வாசகி, கரூர்

வேண்டாம் அம்மா. பழைய குமுட்டி அடுப்பு பரணில் இருந்தால் இறக்குங்கள், நாலு பேருக்கு அது போதும். துருக்கியில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் மங்கால் என்ற கரி அடுப்பும் இதே மாதிரி சாதாரணமான பெட்டிதான்.

பெரிதாக வேண்டுமென்றால் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்யலாம். கப்பலில் இரும்பு டிரம்மை நெடுக்காக இரண்டாக வெட்டி, நாலு கால் வைத்து, ஃபிட்டர் செய்து கொடுப்பார். கேப்டன் அனுமதியோடு மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் சுடுவோம். ஒரு எச்சரிக்கை: ரசாயனம் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடும் கம்பியும் கூடாது, சூடேறினால் நச்சுப் புகை வரும். சாதாரண இரும்பு வாங்கி, முதல் தடவை வெறும் கரி போட்டு நன்றாகக் காய்ச்சிவிட்டு அப்புறம் உணவு வையுங்கள்.

நாங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கரிக்கு வழியில்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே சுடலாமா?
– வாசகி, சென்னை

கூடவே கூடாது. கரிக் கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். சன்னல் திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. கரி என்றால் திறந்த வெளி, மொட்டை மாடி. அதுவும் குடியிருப்பில் கேட்டுக்கொண்டு.

கேஸ் அடுப்பில் கனமான இரும்புத் தோசைக்கல்லோ வரி வரியாக மேடு உள்ள வார்ப்பிரும்புக் கல்லோ போதும். ஐந்து நிமிடம் நன்றாகக் காய விடுங்கள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறித் துண்டின் மேல் தடவுங்கள், புகை பாதியாகக் குறையும். ஒரே தடவையில் கல் முழுக்க நெருக்கி அடுக்காதீர்கள். நீர் விட்டு அவிந்துபோகும், சுட்ட நிறமே வராது. கத்திரிக்காயையும் குடைமிளகாயையும் நேரடியாகச் சுடரிலேயே வைத்துச் சுடலாம். கரிப்புகை மணம் கொஞ்சம் குறையும், மற்றபடி சாப்பாடு நன்றாகவே வரும்.

லெபனான் கடையில் சாப்பிட்ட ஷிஷ் தாவூக் என்ற கோழிக் கபாப் மெத்தென்று இருந்தது. வீட்டில் செய்தால் நார் நாராக வருகிறது. அதற்குத் தொட்டுக்கொள்ளத் தரும் வெள்ளைப் பூண்டு விழுது எப்படி?
– வாசகர், திருச்சி

நெஞ்சுக்கறியைச் சின்னச் சின்னதாக வெட்டியிருப்பீர்கள். தொடைக்கறி எலும்பில்லாமல் வாங்குங்கள், துண்டு ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். அரைக் கிலோவுக்குக் கெட்டித் தயிர் நாலு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஆறு பல், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள் நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி. நாலு மணி நேரம் குளிர்பெட்டியில் இருக்கலாம். எலுமிச்சையைக் கூட்டி இரவெல்லாம் ஊற வைத்தால் கறியின் மேல்பக்கம் மாவு போல் ஆகிவிடும். நேரம் அதிகமானால் ருசியும் அதிகம் என்று நினைக்க வேண்டாம்.

மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள். துண்டுகளை நெருக்கிக் குத்தாமல், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். நடுத்தரக் கனலில் 12 நிமிடம் போல ஆகும், அடிக்கடி திருப்புங்கள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோழியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது, உடனே இறக்கலாம். ‘இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்’ என்று வைக்கிறோமே, அந்த இரண்டு நிமிடம்தான் நாராக்குகிறது.

அந்த விழுதுக்குப் பெயர் தூம். உரித்த பூண்டு 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. இதைச் சின்ன மிக்ஸி ஜாரில் மைய அரைத்து, 200 மில்லி சூரியகாந்தி எண்ணெயை நூல் போல ஊற்றிக்கொண்டே விட்டு விட்டுச் சுற்றுங்கள். நடுநடுவே எலுமிச்சைச் சாறு சில துளி, மொத்தமாக இரண்டு மேசைக்கரண்டி. ஜார் சூடானால் விழுது திரிந்துபோகும். ஆகவே எண்ணெயை முன்னமே குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். சரியாக வந்தால் வெளுத்துப் பொங்கி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது. பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்ததை வெளியே வைக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

சுடும்போது மீன் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கடலூர்

மீன் பற்றிக் கேட்டதற்கு நன்றி அம்மா, எனக்குப் பிடித்த விஷயம். தோலில் ஈரம் இருக்கிறது, வலை காயவில்லை, அவசரப்பட்டுப் புரட்டுகிறீர்கள். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மீனைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். வலையை 10 நிமிடம் காய வைத்து, தேய்த்து, எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு மீனை வையுங்கள். அப்புறம் கை வைக்காதீர்கள். தோல் வெந்து மொறுமொறுப்பானதும் தானாகவே வலையை விடும். இழுத்துப் பார்த்து வரவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை. மீனின் கனமான இடத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து. இரட்டை மடிப்புக் கம்பிவலை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. கிரேக்க வீடுகளிலும் அதுதான் வைத்திருக்கிறார்கள்.

முழு மீனாகச் சுடுங்கள். கொடுவா, சங்கரா, விளைமீன் மூன்றும் பொருந்தும். உள்ளே உப்பும் எலுமிச்சை வில்லையும் போதும். இறக்கியதும் கிரேக்கர்கள் லாதோலெமோனோ ஊற்றுவார்கள்: ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, உப்பு, ஓரிகானோ, ஒரு குப்பியில் போட்டுக் குலுக்கினால் பால் போலக் கலங்கும். சூடான மீனில் ஊற்றினால் தோல் வெடிப்பு வழியே உள்ளே இறங்கும்.

அதைவிட எளிது சாளை. ஸ்பெயினில் மலாகா கடற்கரையில் பழைய படகில் மணலை நிரப்பி, ஆலிவ் விறகு எரிப்பார்கள். ஐந்தாறு மத்தி மீனை ஒரு நாணல் குச்சியில், முதுகெலும்புக்குக் கீழாகக் குத்தி, குச்சியை மணலில் சாய்வாக நட்டுவிடுவார்கள். குடல்கூட எடுப்பதில்லை. கல்லுப்பு மட்டும். நெருப்பு மீனுக்கு அடியில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்பதை அங்கே நின்று கவனித்தேன். அதனால் மீனின் நெய் தீயில் சொட்டுவதில்லை, கரும்புகையும் எழுவதில்லை. தோல் சுருங்கிப் பொன்னிறமாகும்போது ஆள் குச்சியை லேசாக உருட்டி மறுபக்கம் காட்டுவார். நம் சாளை அந்த மத்திக்கு நெருங்கிய சொந்தம், அதே மாதிரி நெய் உள்ள மீன். குடல் எடுப்பது நம் வழக்கம், எடுத்துவிட்டே செய்யுங்கள். மிளகாய்த்தூள் இல்லாமல் ஒரே ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொத்துக்கறிக் கபாப் கம்பியிலிருந்து கழன்று கனலில் விழுகிறது. முட்டை, சோளமாவு சேர்த்தும் பார்த்துவிட்டேன்.
– வாசகர், மதுரை

இரண்டையும் விடுங்கள் தம்பி. துருக்கியின் அதானா ஊர்க் கபாபில் ஆட்டுக்கறி, வால்கொழுப்பு, சிவப்பு மிளகாய், உப்பு தவிர ஏறக்குறைய எதுவும் கிடையாது. வளைந்த பெரிய கத்தியால் கையாலேயே கொத்துவார்கள். கறிக்கடையில் ஒரு கிலோவுக்கு 200 கிராம் கொழுப்பு சேர்த்துக் கொத்தித் தரச் சொல்லுங்கள். உப்பு போட்டு, கை வலிக்கும் வரை பிசையுங்கள். கறி உள்ளங்கையில் பசை போல ஒட்ட ஆரம்பிக்கும். உப்பும் பிசைதலும் சேர்ந்து கறியிலிருந்து புரதத்தை வெளியே கொண்டுவருகின்றன, கம்பியில் பிடித்து வைப்பது அதுதான். அப்புறம் ஒரு மணி நேரம் குளிர்பெட்டி. கம்பி உருண்டையாக இருந்தால் கறி அதிலேயே சுழலும். தட்டைக் கம்பி வேண்டும். ஈரக் கையால் ஒட்டி, விரலால் வரிசையாக அழுத்திப் பள்ளம் பதியுங்கள். வலை வேண்டாம்: இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன் மேல் கம்பியைத் தொங்கலாக வையுங்கள். முதல் நிமிடத்திலேயே ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு பக்கமும் இறுகிக்கொள்ளும்.

நாங்கள் சைவம். எங்களுக்கும் இதில் ஏதாவது உண்டா?
– வாசகி, கும்பகோணம்

நிறைய உண்டு. சொல்லப்போனால் அந்த நாடுகளில் சுடும் சமையலின் பாதி அழகு காய்கறியில்தான்.

பெரிய கத்திரிக்காயை நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, தோல் முழுக்கக் கருகி, காம்போடு குழைந்து சாயும் வரை சுடுங்கள். பாதியில் எடுத்தால் கசக்கும். தோலை உரிக்கும்போது குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள், புகை மணம் அதோடு போய்விடும். சதையை வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்து நீர் வடியட்டும். சுட்ட கத்திரிக்காயில் கொத்சு செய்கிற வீடுகளுக்கு இதுவரை புதிதில்லை. இனி லெபனான் வழி: வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்தால் தஹினி. அதில் எலுமிச்சை விட்டதும் திடீரென்று கட்டியாக இறுகும். பயப்பட வேண்டாம், குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்தால் வெளுத்து இளகும். அதோடு பூண்டு, உப்பு, கத்திரிச் சதை. இதுதான் முத்தப்பல்.

சைப்ரஸின் ஹலூமி பாலாடைக்கட்டி தீயில் உருகாது. தயிர்க்கட்டியை அதன் சொந்த மோர் நீரிலேயே கொதிக்கக் கொதிக்க வேக வைப்பதால் வரும் குணம் அது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் சைப்ரஸ் தயாரிப்புக்கு மட்டுமே உரியது. இங்கே விலை அதிகம். சைவர்கள் அதன் உறையூட்டி விலங்கிலிருந்து வந்ததா என்று அட்டையில் பார்க்கவும் வேண்டும். நம் பன்னீரும் உருகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து, புதினா போட்டு, பன்னீரை ஒரு சென்டிமீட்டர் பலகையாக வெட்டி இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் துடைத்து, எண்ணெய் தடவி, பலமான சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். மேலே எலுமிச்சை. தர்பூசணித் துண்டோடு சாப்பிடுங்கள், சைப்ரஸில் அப்படித்தான்.

குடைமிளகாய், தக்காளி, பூண்டு சுட்டு, நறுக்கி, கேரவே எனும் சீமைச் சோம்பும் (கருஞ்சீரகம் அல்ல) எண்ணெயும் கலந்தால் துனிசியாவின் மெஷ்வியா சாலட்.

ஓரிகானோ, சுமாக் எல்லாம் எங்கள் ஊரில் கிடைக்காது. பதிலுக்கு?
– வாசகர், தென்காசி

தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறதா? ஓரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் என்ற அதே பொருள் கற்பூரவல்லி எண்ணெயிலும் உண்டு. ஆனால் வீரியம் அதிகம்: அரைக் கிலோ கறிக்கு இரண்டு இலை பொடியாக நறுக்கினால் போதும், கூடினால் கஷாய வாடை வரும். ஓமம் ஒரு சிட்டிகை நசுக்கிப் போட்டால் தைம் இலையின் சாயல் கிடைக்கும். சுமாக் என்பது புளிப்புள்ள சிவப்புப் பழத்தின் பொடி. மெல்லிசாக நறுக்கிய வெங்காயத்தில் பிசறுவார்கள். அதற்கு எலுமிச்சையும் ஒரு சிட்டிகை மாங்காய்ப் பொடியும் வைத்து ஒப்பேற்றலாம், அதே நிறம் மட்டும் வராது.

ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கக் கூடாது என்கிறார்களே?
– வாசகி, பொள்ளாச்சி

நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் 190 டிகிரிக்கு மேல்தான் புகையத் தொடங்கும். சூடாக்கலாம். ஆனால் கனலில் சொட்டினால் தீப்பற்றும், விலையும் அதிகம். ஊற வைக்கவும் தடவவும் செக்குக் கடலை எண்ணெய் போதும். ஆலிவ் எண்ணெயைச் சுட்ட பிறகு ஊற்றுங்கள். ‘போமாஸ்’ என்று எழுதியது பிழிந்த சக்கையிலிருந்து எடுத்த எண்ணெய், பொரிக்கத்தான், மேலே ஊற்ற ஆகாது. சின்னக் குப்பியாக, கருநிறக் கண்ணாடியில் வாங்குங்கள்.

சுட்ட கறியால் புற்றுநோய் வரும் என்று மகள் பயமுறுத்துகிறாள். ஆனால் மெடிட்டரேனியன் உணவு உடம்புக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
– வாசகி, வேலூர்

உங்கள் மகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகையிலும், கறி கருகும்போதும் கெடுதலான பொருள்கள் உண்டாகின்றன. தீ நாக்கு படாமல் சுடுங்கள், அடிக்கடி திருப்புங்கள், கருகியதை வெட்டி எறியுங்கள். எலுமிச்சை, பூண்டு, இலைகளில் ஊறிய கறியில் இவை குறைவாகவே உண்டாகின்றன.

நல்லது என்று பெயர் வாங்கிய உணவுமுறை தினமும் கறி சுடுவது இல்லை. 2010-இல் யுனெஸ்கோ ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொராக்கோ நாடுகளின் பெயரில் பட்டியலிட்டது ஒரு முழு வாழ்க்கைமுறையை: தானியம், பயறு, காய், பழம், ஆலிவ் எண்ணெய், மீன், கூடி உட்கார்ந்து சாப்பிடுவது. கறி அதில் ஓரத்தில்தான் வரும். வாரம் ஒருநாள் சுடுங்கள், தட்டில் முக்கால் பங்கு காயும் ரொட்டியும் இருக்கட்டும்.

ஞாயிறு மாலை நாலு பேருக்கு ஒரே அடுப்பில் எந்த வரிசையில் செய்வது?
– வாசகர், ஈரோடு

கரி பற்றி, தீ இன்னும் எழும்பும்போதே இரண்டு கத்திரிக்காயும் இரண்டு குடைமிளகாயும் போடுங்கள், கருக வேண்டியவைதானே. கனல் ஆனதும் அரைக் கிலோ கோழி. கோழி இறங்கி ஐந்து நிமிடம் மூடியிருக்கும் வேளையில் கத்திரியை மசித்துவிடலாம். தொங்கவிட்டு நீர் வடித்த தயிரில், பிழிந்த வெள்ளரித் துருவல், பூண்டு, உப்பு, எண்ணெய் கலந்து ஜட்ஜிகி முன்னமே குளிர்பெட்டியில் இருக்கட்டும். பீட்டா ரொட்டி இல்லையென்றால், ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த கோதுமை மாவில் கொஞ்சம் தடிமனாகத் தேய்த்து, தணிகிற கனலில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். கடைசியாக, சாம்பல் பூத்த கரிக்குள்ளேயே நாலு சின்ன வெங்காயத்தைத் தோலோடு புதைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். அரை மணி நேரம் கழித்துத் தோண்டி எடுத்து, தோல் நீக்கி, உப்பும் எண்ணெயும் தொட்டுக்கொண்டால் இரண்டாவது ரொட்டிக்கு ஆயிற்று.